ஸ்கேனில் ஒன்றுமில்லை, தலை மட்டும் ஏன் சுற்றுகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தம்பிக்கு வயது 26. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்ட் போகும்போது மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டான். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாகியும் தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை. பினாங்குத் தீவுக்குப் போகும் பாலத்தைக் கண்டாலே அவனுக்கு வியர்க்கிறது. பெரியம்மா 'பயந்துட்டான், மந்திரிக்கணும்' என்கிறார். மாமா 'வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறான்' என்கிறார். யார் சொல்வது சரி?"

பெரியம்மா பாதி சரி. மாமா சொல்வது தவறு.

கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வில் பெரும்பாலும் இரத்தம் கசிவதில்லை, எலும்பும் உடைவதில்லை. சி.டி.யில் தெரிவதற்கு எதுவும் இருக்காது. அடிபட்ட கணத்தில் நரம்பணுக்களின் சவ்வு இழுபட்டுப் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அயனிப் பம்புகள் உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி.யை வாரி இறைக்கின்றன. அதே வேளையில் மூளைக்கு வரும் இரத்தமும் குறைகிறது. செலவு ஏறி வரவு இறங்கிய இந்த நெருக்கடியை கிஸா, ஹோவ்டா என்ற ஆய்வாளர்கள் 2001இல் விரிவாக எழுதினார்கள். எலிகளில் சுமார் 7 முதல் 10 நாளில் இது தணிகிறது. விளையாட்டில் அடிபட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்திலும், பிள்ளைகள் நான்கு வாரத்திலும் தேறிவிடுகிறார்கள்.

பிறகு ஏன் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது? நெதர்லாந்தில் லேசான தலைக்காயத்தோடு வந்த 1,000க்கும் மேற்பட்டோரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. யார் முழுதாகத் தேறுவார் என்பதைக் கணிக்க உதவியவற்றில் முக்கியமானவை மூன்று: விபத்துக்கு முன்பே இருந்த மனநலச் சிக்கல், இரண்டாவது வாரத்தில் இருந்த பதற்றமும் மனச்சோர்வும், நெருக்கடியை அவர் சமாளிக்கும் விதம். அமெரிக்காவின் 11 விபத்துச் சிகிச்சை மையங்களில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு கேள்வியைக் கேட்டது. விபத்து யாரையும்தான் உலுக்கும். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் அதில் என்ன தனி? மூன்றாம் மாதத்தில், தலைக்காயக்காரர்களில் 20 சதவீதத்தினரிடம் கடும் மனச்சோர்வு அல்லது விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோயின் அறிகுறிகள் இருந்தன. தலையில் அடிபடாமல் கை, கால் போன்ற இடங்களில் மட்டும் காயமடைந்தவர்களிடம் அது 8.7 சதவீதம். விபத்தின் அதிர்ச்சி இரு பக்கமும் உண்டு. எனவே அதிர்ச்சியை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது.

பதற்றம் உடலுக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது என்றால், கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன், தூக்கக்கேடு, கழுத்துத் தசை இறுக்கம் என்று பல வழிகள் உண்டு. அவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம். மருத்துவமனையில் அதிகம் கண்டுகொள்ளப்படாத, ஆனால் மிக அழகான வழி ஒன்று இருக்கிறது: மூச்சு.

பதற்றத்தில் இருப்பவர் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறார். மூச்சிரைப்பதாக வெளியே தெரியவேண்டும் என்பதில்லை. நிமிடத்துக்குச் சில மூச்சு கூடுதலாக, நடுநடுவே ஒரு பெருமூச்சு, அவ்வளவே போதும். உயிர்வளி அதிகம் கிடைக்குமே, நல்லதுதானே என்று தோன்றும். இரத்தச் சிவப்பணுக்கள் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கின்றன, கூடுதலாக ஏற்ற இடமில்லை. மாறுவது மற்ற வாயுவின் கணக்கு. தமிழ்ப்பள்ளியில் கரிவளி என்று படித்த கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது.

கரிவளியை வெறும் கழிவு என்று நினைப்போம். மூளையின் இரத்தக் குழாய்களுக்கோ அதுதான் குழாய்த் திருகு. தமனி இரத்தத்தில் அதன் அழுத்தம் வழக்கமாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அது குறைந்தால் நுண்தமனிகளைச் சுற்றியுள்ள திரவத்தில் காரத்தன்மை ஏறுகிறது, குழாய்ச் சுவரின் மென்தசை சுருங்குகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டர் குறைவுக்கும் மூளைக்கான இரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் இறங்கும். 40இலிருந்து 30க்கு வந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஓட்டம் போய்விடுகிறது. இதற்குச் சில நிமிடங்களே போதும். இதோடு முடியவில்லை. காரத்தன்மை ஏறிய இரத்தத்தில் ஹீமோகுளோபின் உயிர்வளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திசுக்களுக்கு விட மறுக்கிறது. கால்சியம் அயனிகள் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, விரல் நுனியும் உதடும் மரத்துக் கூசுகின்றன. ஆக, அதிகமாக மூச்சு விட்டவரின் மூளைக்குக் குறைவான உயிர்வளி கிடைக்கிறது.

கோவிட் காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்சிமீட்டரை அந்த நேரத்தில் மாட்டிப் பாருங்கள், 99 காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. ஏற்றிய சரக்கை அது எண்ணுகிறது, இறக்கியதை எண்ணுவதில்லை.

இப்போது அறிகுறிகளைப் பாருங்கள்: தலைச்சுற்றல், தலை கனத்தல், பார்வை மங்கல், யோசனை ஓடாமை. மூளை அதிர்வின் பட்டியலும் இதுவேதான். அடிபட்ட மூளையில் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். சிலருக்குக் கரிவளியின் மாற்றத்துக்குக் குழாய்கள் பதில் தரும் விதமும் மாறியிருக்கும். அதன் மேல் இதுவும் சேர்கிறது. தலை சுற்றியதும் 'மூளையில் என்னமோ ஆகிவிட்டது' என்ற பயம், பயத்தால் இன்னும் மூச்சு, மூச்சால் இன்னும் சுற்றல். பையன் பாலத்தில் ஏறும்போது நடப்பது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

இந்நிலை நீடித்தால் சிறுநீரகமும் தலையிடுகிறது. இரண்டு மூன்று நாளில் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி, குறைந்த கரிவளியையே உடலின் புது வழக்கமாக்கிவிடுகிறது. அதனால்தான் மெதுவாக மூச்சு விடப் பழகும் முதல் சில நாள்களில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும், பலரும் 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். பயிற்சி எளிது: வாயை மூடி மூக்கால் 4 விநாடி உள்ளே, 6 விநாடி வெளியே. நிமிடத்துக்கு 6 மூச்சு. காலை, மாலை 5 நிமிடம். 'ஆழமாக இழு' என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லக்கூடாது. ஆழம் வேண்டாம், மெதுவாக இருந்தால் போதும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ பாதிக்கப்பட்டிருந்தால் அது ஆபத்து.

மனச்சோர்வு வேறு பக்கமாக இழுக்கிறது. அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியை ஓரம் வைத்து, வாரக்கணக்கில் படுக்கவைப்பதுதான் பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. 11 முதல் 22 வயதுவரையிலான 88 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த, 2015இல் வெளிவந்த ஆய்வில், 5 நாள் கண்டிப்பான ஓய்வில் இருந்தவர்கள் ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை தணியவும் தாமதமானது. படுத்தே கிடந்தால் எழுந்ததும் நாடி எகிறும், தலை சுற்றும், நண்பர்களும் விலகுவார்கள், மனம் இன்னும் சோரும்.

இப்போதைய வழி, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, பிறகு நடை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் லெடி என்பவரின் குழு இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது. ட்ரெட்மில்லில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கவைத்து நிமிடத்துக்கு 1 சதவீதம் ஏற்றம் கூட்டுவார்கள். அறிகுறிகளின் கடுமைக்கு அவரே 0 முதல் 10 வரை தரும் மதிப்பெண் 3 புள்ளி கூடும் இடத்தில் நிறுத்தி அப்போதைய நாடித்துடிப்பைக் குறிப்பார்கள். அது 140 என்றால், அதில் 80 சதவீதமான 112ஐத் தாண்டாமல் தினமும் 20 நிமிடப் பயிற்சி. 2019இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில், இப்படிச் செய்த பதின்வயதினர் 13 நாளிலும், தசைநீட்டல் மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள்; இரண்டும் இடைநிலை அளவுகள், அதாவது பாதிப் பேர் அதற்குள் தேறிவிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் கிடைக்காவிட்டால் பினாங்கு யூத் பார்க்கின் சமதளப் பாதை போதும். நடக்கும்போது அறிகுறி 2 புள்ளிவரை ஏறி ஒரு மணி நேரத்தில் அடங்கினால் பயமில்லை. 'பிழைத்து வந்தால் தண்ணீர்மலை ஏறுகிறேன்' என்று வேண்டிக்கொண்டவர்கள் முருகனிடம் கொஞ்சம் தவணை கேளுங்கள். அந்த 513 படிகள் முதல் வாரத்துக்கானவை அல்ல.

மந்திரிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருநீறு பூசுவதால் கெடுதல் எதுவும் இல்லை, அக்கறையோடு நாலு பேர் சூழ்ந்திருப்பது சிலருக்கு ஆறுதலும்கூட. 'காத்து கருப்பு' என்று சொல்லி பயத்துக்கு இன்னொரு காரணத்தைக் கையில் கொடுப்பதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். பயத்தைச் சரியாகக் கண்டுபிடித்த பெரியம்மாவே அதை வளர்த்தும் விடுகிறார்.

அரசாங்கங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. தலைக்காயத்துக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று கணிக்க உதவும் இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2018இல் அனுமதி கிடைத்தது. அந்தத் திசையில் ஆய்வுப் பணம் இன்னும் பாய்கிறது. பாயட்டும். ஆனால் விபத்துப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்டவரை இரண்டாவது வாரம் ஒரு தாதி தொலைபேசியில் அழைத்து இரண்டு கேள்வி கேட்க என்ன செலவாகும்? கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையிழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வருபவரை மருத்துவர் பார்க்க வேண்டும். ஒன்பது கேள்விகளுள்ள முழுப் படிவத்தில் தூக்கம், களைப்பு, கவனம் பற்றியும் கேட்பார்கள். மூளை அதிர்வே அவற்றைக் கெடுக்கும் என்பதால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். முதலிரண்டு கேள்விகளுக்கு எடை அதிகம் கொடுக்கவேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தப்புகள் வழக்கமாக நடக்கின்றன. ஒன்று, பனடோல். மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், சில மாதங்கள் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். மற்றது, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் யாரோ கொடுத்த டயாசிபாம் வகை மாத்திரை. அன்றிரவு தூங்குவார், மறுநாள் தடுமாற்றமும் மந்தமும் கூடும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்றவை வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும், பத்தாம் நாளில் பலனில்லை என்று நிறுத்தக்கூடாது. சிந்தனை நடத்தைச் சிகிச்சை, தலைச்சுற்றலுக்கான காதுச் சமநிலைப் பயிற்சி, கழுத்துக்குப் பிசியோ ஆகிய மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று காத்திருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் பதற்றத்தின் தலையில் கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கம் பலம் குறைவது, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நேராக விபத்துப் பிரிவுக்குப் போகவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கும் முதியவருக்கும் வாரங்கள் கழித்துக்கூட இரத்தம் சேரலாம். உயிரை விட்டுவிடலாம் என்று பேசுபவரைத் தனியே விடாதீர்கள், மலேசியச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழையுங்கள்.

தம்பி விஷயத்தில், நேராக இரவு ஷிப்ட்டுக்குத் திரும்புவது வேண்டாம். அரை நாள் பகல் வேலை, இயந்திரம் இல்லாத பகுதி என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து, தொழிலாளர் காப்புறுதித் திட்டமான சொக்சோவில் வரும், இதுவரை பதியாவிட்டால் இந்த வாரமே பதியுங்கள். பாலத்தை முதலில் பகலில் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கடக்கட்டும், 4 விநாடி உள்ளே 6 விநாடி வெளியே என்று எண்ணிக்கொண்டு. மோட்டாரைப் பிறகு எடுக்கலாம்.