மிதித்ததும் காயும் மணல்

திருகோணமலைக்கு அருகே நிலாவெளிக் கரையில் அலை வந்து திரும்பியதும் மணல் கண்ணாடி போல மினுங்கும். அந்த மினுக்கம் அடங்குமுன் காலை வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று வெளிறி, வெயிலில் காய்ந்தது போல ஆகிவிடும். சில விநாடிகள்தான், பிறகு மறுபடி கறுத்து ஈரமாகும். காலைத் தூக்கினால் சுவட்டுக்குள் தண்ணீர் ஊறி நிற்கும். மாலையில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து கடற்கரைக்கு வரும் பிள்ளைகள் தினமும் இதை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

உடல் பாரம் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அப்படியானால் பஞ்சை அழுத்தியது போல நீர் மேலே அல்லவா வர வேண்டும்? இங்கே அது கீழே இறங்குகிறது.

காரணம் மணல் மணிகள் அடுக்கிக் கிடக்கும் விதம். சந்தையில் தோடம்பழம் குவிப்பவர், கீழ் வரிசைப் பழங்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மேல் பழத்தை வைப்பார். ஒரே அளவான உருண்டைகளை இப்படி மிக நெருக்கமாக அடுக்கினால் வெற்றிடம் 26 சதவீதம். ஒன்றின் உச்சியில் நேராக இன்னொன்றை நிறுத்தினால் அதுவே 48 சதவீதம். மணல் மணிகள் இவ்வளவு ஒழுங்கானவை அல்ல, ஆனாலும் கணக்கு இதே போக்குத்தான். ஓயாமல் அடிக்கும் அலை மணலைக் குலுக்கிக் குலுக்கி நெருக்கமாக அடுக்கி வைத்திருக்கிறது. கால் அதைப் பக்கவாட்டில் தள்ளும்போது, ஒவ்வொரு மணியும் தன் பள்ளத்திலிருந்து ஏறினால்தான் நகர முடியும். ஏறும்போது இடைவெளி பெருகுகிறது, மணலின் கனவளவு கூடுகிறது. மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. நீர்ப்படலம் போன மணிகள் ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் நிறம் வெளிறுகிறது. சுற்றுப்புற நீர் ஊறி வந்ததும் ஈரம் திரும்புகிறது. காலை எடுத்ததும் மணிகள் மீண்டும் நெருங்க, மிகுந்த நீர் சுவட்டில் தேங்குகிறது.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். ஒரு பலூன் இருந்தால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பலூனை இரண்டு முறை ஊதித் தளர்த்துங்கள். வெட்டிய போத்தல் கழுத்தைப் புனலாக்கி, கழுவிய கடல் மணலையும் தண்ணீரையும் மாறி மாறி விட்டு நிரப்புங்கள். பிசைந்து காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். குமிழி மிஞ்சினால் நீர்மட்டத்தை நம்ப முடியாது. பலூனின் வாயில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி இறுகக் கட்டி, குழாயின் பாதிவரை நீர் விடுங்கள். பிறகு பலூனை மேசையில் மெதுவாகத் தட்டித் தட்டி மணலை இறுக்குங்கள். இதுதான் முக்கியமான வேலை. இப்போது பலூனை அமுக்கினால் குழாயில் நீர் ஏறாது, இறங்கும். 5 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் 1 மில்லிலீற்றர் மாற்றமே ஏறக்குறைய 5 சென்ரிமீற்றராகத் தெரியும். நீர் ஏறினால் மணல் தளர்வாக இருக்கிறது என்று பொருள். மறுபடி தட்ட வேண்டும். சேற்று மண்ணில் இது சரிவராது.

கரைவலை இழுப்பவர்கள் நீரோரத்தில் குதிகாலை ஊன்றுவதையும் கவனியுங்கள். சடுதியாக ஊன்றும்போது இடைவெளிகள் விரிய முயல்கின்றன. நீர் வந்து நிரப்பும்வரை உள்ளே அமுக்கம் குறைந்து, மணிகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. கால் வழுக்காமல் நிற்பதில் அந்தப் பிடிக்கும் பங்குண்டு.

தளர்வான மணல் இதற்கு நேர்மாறு. அதே நீரோரத்தில் காலை நெளித்து மணலைத் தளர்த்திக்கொண்டே நின்றால் சிறிது நேரத்தில் கணுக்கால்வரை புதையும். தளர்ந்த மணிகள் நெருங்கப் பார்க்கும்போது நடுவிலிருக்கும் நீருக்குப் போக வழியில்லை. பாரத்தை நீரே தாங்க, மணல் கூழாகிறது. 1964இல் யப்பானின் நீகாட்டா நகரில் நிலம் அதிர்ந்தபோது ஆற்றோரத் தளர்மணல் இப்படித்தான் கூழானது. அதன்மேல் நின்ற அடுக்குமாடிகள் சில, சுவர் உடையாமலே முழுதாகச் சாய்ந்து படுத்தன.