தீவுக்குப் போகிறீர்களா? முதலில் காலைக் காட்டுங்கள்

இந்த வருடத்தில் இது மூன்றாவது கால்.

ஐம்பத்திரண்டு வயது, வளைகுடாவில் வேலை, பதினைந்து வருடச் சர்க்கரை. (யாரென்று தேட வேண்டாம், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) லீவுக்கு வந்தவர் மனைவி, பிள்ளைகள், மச்சினன் குடும்பம் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருக்கிறார். எங்கள் களியக்காவிளைப் பக்கத்துக்கு அது ஒன்றும் தூரமில்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால், காலையில் தின்ற புட்டு செரிப்பதற்குள் மாலே வந்துவிடும். பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றதால் விண்ட்சர்ஃபிங் வகுப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறார். பலகையில் பாய் நட்டு, காற்றைப் பிடித்து, நின்றபடியே ஓட்டுகிற விளையாட்டு. நல்ல விளையாட்டுதான், நான் குறை சொல்லவில்லை.

முதல் நாளே முழங்கால் ஆழத்தில் பலகையிலிருந்து விழுந்து, எழுந்து நின்ற இடத்தில் பவளப்பாறை. சுண்டுவிரலின் அடியில் கிழித்துவிட்டது. "வலிக்கவே இல்ல டாக்டரம்மா" என்றார், ஏதோ பெருமை போல. வலிக்காது. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பைச் சர்க்கரை எப்போதோ தின்றுவிட்டது.

ரத்தத்தைப் பார்த்ததும் அவர் செய்த காரியம், காலைக் கடலிலேயே முக்கியது. அடுத்த மூன்று நாளும் காலையிலும் மாலையிலும் கட்டை அவிழ்த்துவிட்டுக் கடலில் கால் நனைத்திருக்கிறார். ஊரிலிருந்து அம்மாவும் ஃபோனில் அதையேதான் சொன்னாராம்.

"உப்புத்தண்ணி மருந்தாக்கும் டாக்டரம்மா. சின்னப்பிள்ளையில புண்ணு வந்தா எங்கம்மை கடல்லதான் எறக்கி விடும்."

ஐந்தாம் நாள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை வீக்கம், சர்க்கரை 382. விளக்கைக் கிட்டே இழுத்துக் காயத்தை விரித்தால், உள்ளே குறுணை அரிசி போல வெள்ளைத் துணுக்குகள். ஃபோர்செப்ஸில் பிடித்தபோது நறநறவென்று உரசியது. மூன்றை எடுத்தேன். நான்காவது எலும்பை ஒட்டிக் கிடந்தது. அதற்கு மேல் என் கிளினிக்கில் கை வைக்கக்கூடாது என்று நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். சுண்டுவிரல் போய்விட்டது. கால் தப்பியது.

இந்த உப்புத்தண்ணி விஷயத்தை இன்றைக்குக் கொஞ்சம் விலாவாரியாகப் பேசிவிடுகிறேன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

படித்தவர்கள் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நீங்களும் உப்புத்தண்ணி ஊத்தித்தானே புண்ணைக் கழுவுறீங்க? அதையேதான் நானும் செஞ்சேன்." நான் ஊற்றுவது சலைன். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. உங்கள் ரத்தத்துக்கு ஒத்த கணக்கு அது. கிருமி நீக்கி, மூடி, முத்திரை வைத்து வருவது, உடைத்த புட்டியை மறுநாள் நான் தொடமாட்டேன். கடலில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, கிட்டத்தட்ட நான்கு மடங்கு. சரி, உப்பு கூடினால் கிருமி இன்னும் நன்றாகச் சாகுமே என்பீர்கள். ஊறுகாய் ஜாடியில் சாகும். கடலில் இருக்கிற கிருமி அந்த உப்பிலேயே பிறந்து வளர்ந்தது. மீன் உப்பில் செத்தா போகிறது?

அவற்றில் ஒரு கூட்டத்துக்கு விப்ரியோ என்று பெயர். காலராக் கிருமிக்குச் சொந்தக்காரர்கள். வெதுவெதுப்பான கடல்நீர் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம், வெப்பமண்டலத் தீவின் ஆழமற்ற நீர் அப்படித்தான் இருக்கும். திடகாத்திரமான ஆளின் கீறலில் அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரைக்காரர், குடித்துக் கல்லீரல் கெட்டவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோரின் காயத்தில் புகுந்தால், இரவு சின்னச் சிவப்பாக இருந்தது மறுநாள் ரத்தக் கொப்புளமாகி மேலே ஏறும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாத நோய் அது. இன்னொரு கிருமி காசநோய்க் கிருமிக்கு உறவு. அதற்கு அவசரமே கிடையாது. நீங்கள் ஊர் திரும்பி, புகைப்படங்களை எல்லாருக்கும் காட்டி முடித்து, சில வாரம் கழித்து விரலில் ஒரு கட்டி எழும்பும். ஆறவே ஆறாது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். கட்டியோடு வருகிறவர் கடலுக்குப் போனதையே மறந்திருப்பார், நான்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் அம்மை சொன்னது பொய்யா? பொய்யில்லை. சின்னப்பிள்ளைக்கு முழங்காலில் வருகிற மேலோட்டமான சிராய்ப்பு, கடலில் இறக்கினாலும் ஆறும், கிணற்றடியில் கழுவினாலும் ஆறும், சும்மா விட்டாலும் ஆறும். பெயரைக் கடல் தட்டிக்கொண்டு போய்விட்டது.

என் பேச்சில் நம்பிக்கை இல்லாவிட்டால் வள்ளவிளைப் பாட்டா ஒருவர் சொன்னதைக் கேளுங்கள். அறுபது வருடம் கடலில் கிடந்தவர், பிரஷர் மாத்திரைக்கு என்னிடம் வருகிறவர். தூண்டில் கிழித்த கையைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "உப்புத்தண்ணி மருந்துன்னா எங்க ஆளுகளுக்குப் புண்ணே இருக்கப்பிடாதே டாக்டரம்மா? நாங்க கேன்ல குடிதண்ணி கொண்டுபோயில்லா கையக் கழுவுதோம்."

(எல்லைப்புற டாக்டரின் தனிச் சங்கடம் ஒன்று. பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர் "காலில முறிவு" என்பார். மலையாளத்தில் முறிவு என்றால் காயம். புதிதாக வந்த என் நர்ஸ் எலும்பு முறிந்ததாக நினைத்து எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டாள். ஒருவிதத்தில் நல்லதாயிற்று, பவளத் துணுக்கு எக்ஸ்ரேயில் தெரிந்தது. சுண்ணாம்புதானே.)

பவளம் கீறினால், உடனே கரையேறுங்கள். குடிக்கிற தண்ணீரும் சோப்பும் போதும். கப் கப்பாக ஊற்றிக் கழுவுங்கள், ஒரு தடவை ஊற்றிவிட்டு ஓடாதீர்கள். மெல்லிய துணியால் தேய்த்துத் துணுக்கை எடுங்கள். எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம், அதையெல்லாம் சுரண்டி எடுப்பதிலேயே என் நேரம் போகிறது. டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். புண் மூடும்வரை கடலில் இறங்காதீர்கள். பணம் கட்டியாயிற்றே என்று இறங்குகிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

முள் வேறு கதை. கறுப்பு முள் பந்து போலிருக்கும் கடல் முள்ளெலியை மிதித்தாலும், திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் முதலுதவி. பொறுக்கக்கூடிய சூட்டில், 40 முதல் 45 டிகிரிக்குள், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை முக்கி வைக்க வேண்டும். வலி நன்றாகக் குறையும். ஆனால் தண்ணீரின் சூட்டைக் குத்துப்பட்ட சர்க்கரைக்காரர் பார்க்கக்கூடாது. அவருடைய காலுக்குச் சூடும் தெரியாது, வெந்துபோன கால்களையும் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இல்லாத ஒருவர் முழங்கையை விட்டுப் பார்த்துச் சொல்லட்டும். ஜெல்லிமீன் (நம்மூரில் சொறி) பட்டால் மூத்திரம் விடச் சொல்கிற சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரைக் கரையில் உட்கார வையுங்கள்.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒரு ஜோடிச் சப்பாத்து இல்லாததுதான். தடித்த ரப்பர் அடி உள்ள, காலைக் கவ்விப் பிடிக்கிற தண்ணீர்ச் சப்பாத்து. கடலில் ஹவாய்ச் செருப்பு நிற்காது. ஊரிலேயே வாங்கி, ஒரு வாரம் வீட்டில் நனைத்துப் போட்டு நடந்து, எங்கேயாவது உரசிக் கொப்புளம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அறை வாடகையில் மூன்று மாதம் பேரம் பேசுகிறவர்கள் இதற்கு மூன்று நிமிடம் ஒதுக்குவதில்லை.

இனி காற்று. இது என் துறையில்லை. ஆனால் முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரர்கள் காற்று இல்லாத மாதத்தில் காற்று விளையாட்டுக்கு டிக்கெட் எடுப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க முடியவில்லை. நம் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே. வடகிழக்குக் காற்று ஓய்ந்து தென்மேற்கு இன்னும் பிடிக்காத இடைவெளி அது. ஏப்ரலில் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் பாய் பெரும்பாலும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஜூன் தொடங்கிவிட்டால் லட்சத்தீவுக் கடல் கொந்தளிக்கும், பிள்ளைகளை இறக்கக் கூடாது. அங்கே போக அனுமதிச் சீட்டும் வேண்டும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். இலங்கையின் கற்பிட்டியில் மே பாதிக்கு மேல் அக்டோபர் வரை பலத்த காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை கொஞ்சம் மிதமான காற்று. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது, அரைப் பரீட்சை விடுமுறைக்கும் ஒத்து வரும். மொரிஷியஸில் தென்கிழக்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும். தொடக்கக்காரர்களுக்கு மணிக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் காற்று தாராளம்.

எப்போது அடிக்கிறது என்பதைவிட, எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பது முக்கியம். மூன்றில் இரண்டாவது கால் வந்தது அப்படித்தான். கண்ணாடி மாதிரிக் கிடந்த கடலைப் பார்த்து "இன்னைக்கு நல்ல கடல்" என்று பதின்மூன்று வயதுப் பையனை இறக்கிவிட்டார்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கரையோரம் அலை இல்லாததற்கு அதுதான் காரணம். பையன் ஜோராகப் போனான், திரும்பி வரத் தெரியவில்லை. மீட்கப் போன மாமா பாறையில் காலைக் கிழித்துக்கொண்டார்.

பாட்டாவிடம் இதைச் சொன்னேன். "கடலப் பாத்து நில்லு. காத்து முதுகுல அடிச்சா அது உன்னய வெளியில தள்ளுதுன்னு அர்த்தம். அன்னைக்குப் பாய விரிக்காத" என்றார். பிறகு, "கட்டுமரத்துல பாய் கட்டி நாங்க ஓடுனதுக்கா இப்ப காசு குடுக்காங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒருவேளை காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டால் பலகையை விடவே கூடாது. பலகை மிதக்கும், தூரத்திலிருந்தும் கண்ணில் படும். கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தாலும் அதை விட்டுவிட்டு நீந்தாதீர்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலே தூக்கி இறக்கி, திரும்பத் திரும்பக் காட்டுங்கள். உதவி வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் சைகை. போவதற்கு முன் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் சொல்லிக் கொடுங்கள். மிதவை அங்கியை மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளையின் அளவல்ல. "வளர்ற பிள்ளைதான, பெரிசா இருக்கட்டும்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி.

மற்றவை வேகமாக. மேகம் மூடியிருந்தாலும் வெயில் சுடும், முழுக்கைச் சட்டை போடுங்கள். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிற மகள் இருந்தால் கிளம்புமுன் எனக்குச் சொல்லுங்கள், அந்த மாத்திரையோடு வெயிலில் நின்றால் தோல் வெந்துவிடும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்துபோகலாம். பாயைக் கயிற்றால் தூக்கும்போது முதுகை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். ஈரத்தோடு காற்றில் நிற்கிற சின்னப்பிள்ளைக்கு வெயில் நாட்டிலும் குளிரெடுக்கும், உதடு நீலமானால் வகுப்பு முடிந்தது. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், பலவற்றில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தீவிலிருந்து படகு பிடித்து ஆஸ்பத்திரி போகிற செலவு சின்னதல்ல.

விரல் போனவர் போன வாரம் கட்டு மாற்ற வந்தார். அடுத்த வருடம் பிள்ளைகளைக் கற்பிட்டிக்குக் கூட்டிப்போகலாமா என்று அவர் மனைவிதான் கேட்டார். கூட்டிப்போங்கள் என்றேன். அவரும் போகட்டும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை முதலில் என்னிடம் காட்டிவிட்டு, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் பாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும். குடும்பத்தில் ஒருவர் எப்படியும் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன் வாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம். வாங்கின சப்பாத்தையும் எடுத்து வாருங்கள், உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவேன்.