'லாக்' என்னும் சொல்: மடக்குக் கத்தியின் பூட்டும் தாழும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவர்களிடம் கத்தியைப் பற்றிப் பேச்செடுத்தால், அலகின் கூர்மைக்கு அடுத்தபடியாக அவர்கள் வாயில் வரும் சொல் 'லாக்கு'. "லாக்கு நிக்கல", "லாக்கு புடிக்கல", "லாக்கு போயிடுச்சு" என்று மூன்று விதமாகக் குறை சொல்வார்கள். மூன்றும் ஒரே குறையென்று நெடுநாள் நினைத்திருந்தேன். வில்தகடு தளர்ந்து அலகு ஆடினால் 'நிக்கல'; லாக்கின் பல் தன் பள்ளத்தில் சரியாக இறங்காவிட்டால் 'புடிக்கல'; தேய்ந்தோ உடைந்தோ இனிப் பயனில்லை என்றானால் 'போயிடுச்சு'. பெயர்ச்சொல்லை ஆங்கிலத்திலிருந்து வாங்கிக்கொண்டவர்கள் நுணுக்கத்தையெல்லாம் தமிழ் வினையில் வைத்திருக்கிறார்கள்.

திறந்த அலகு தானாக மடங்கி விரல்மேல் விழாதபடி நிறுத்தும் உறுப்பையே இங்கு 'லாக்' என்கிறோம். எல்லா மடக்குக் கத்திக்கும் இது கிடையாது. இறகுப் பேனாவைச் சீவப் பயன்பட்டதால் பேனாக்கத்தி என்று பெயர் பெற்ற சிறு கத்தியில் பெரும்பாலும் முதுகுப் பக்கம் ஒரு வில்தகடு மட்டுமே இருக்கும்; அது அலகை அழுத்தி நிறுத்துமே தவிரப் பூட்டாது.

பழைய ஆங்கிலத்தில் 'லொக்' என்றால் தாழ், அடைப்பு என்று பொருள். துளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'லொஹ்' இதற்கு உறவு. பின்னாளில் ஆங்கிலத்தார் துப்பாக்கியின் பொறியையும் மல்யுத்தப் பிடியையும் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகையும் இதே சொல்லால் வழங்கினார்கள். ஆகவே சாவியில்லாத ஓர் உறுப்பை 'லாக்' என்று அழைப்பதில் அவர்களுக்குத் தயக்கமே எழவில்லை. நமக்கோ லாக்கர், லாக்கப், செல்போன் லாக் என்று எல்லாம் அடைத்துவைக்கும் பொருளிலேயே வந்து சேர்ந்தன. கத்தியின் லாக்கைப் 'பூட்டு' என்று எழுதினால் "சாவி எங்கே?" என்று கேட்பவர்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் கேள்விக்குப் 'பூட்டு' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு நம் மனத்தில் முதலில் வந்து நின்றாலும், சொல்லின் அடிப்பொருள் அதைவிட அகலமானது. காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு வருவதுபோல, பூண் என்னும் தன்வினையிலிருந்து பூட்டு என்னும் பிறவினை வருகிறது; பூணச் செய்வது, அதாவது ஒன்றோடொன்றைப் பொருத்தி இணைப்பது பூட்டுதல். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். செய்யுளின் முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் பொருளால் இணைவதை நன்னூல் 'பூட்டுவில்' என்கிறது. கழுத்துச் சங்கிலியின் முனைகளைச் சேர்க்கும் கொக்கியும், எலும்பு மூட்டும், மற்போரில் போடும் பிடியும் பூட்டுகளே. இவற்றில் எதற்கும் சாவி இல்லை. எனவே 'பூட்டு' தவறென்று சொல்வதற்கு இடமில்லை.

ஆனால் போதாது என்று சொல்லலாம். கத்தி திறந்து நிலைபெற்ற நிலையையும், அந்நிலையை உண்டாக்கும் சிறு உலோகத் துண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், எது கெட்டது என்று விளக்கும்போது குழப்பம் வரும். துண்டுக்குத் 'தாழ்' என்ற சொல்லை ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று குறளில் வரும் அதே தாழ், இன்றைய தாழ்ப்பாளிலும் தொடர்கிறது. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் பூட்டைத் 'தாளம்' என்கிறார்கள். கன்னடக்காரர் 'பீக' என்பார். மும்மொழியும் புழங்கும் ஊரில், தாழ் என்றால் பாதிப் பேருக்கு விளக்கமே தேவைப்படாது. தாழ் என்பது உறுப்பு, பூட்டு என்பது நிலை. தாழ் விழுந்தது, கத்தி பூட்டிக்கொண்டது.

இப்படிப் பிரித்துக்கொண்டால் வகைகளுக்கும் பெயர் தானாக அமைகிறது. முதுகுப் பக்கத்தில் நெம்புகோல்போல் அசையும் கம்பியின் நுனிப்பல், அலகடியின் (பிடிக்குள் இருக்கும் அலகின் அடிப்பகுதியின்) பள்ளத்தில் இறங்குவது முதுகுத் தாழ். 1964-இல் வெளிவந்த அமெரிக்கத் தயாரிப்பான பக் 110 இதைப் பரவலாக்கியது. பிரான்சின் ஒப்பினல் கத்தி 1890 முதல் இருந்தாலும், பிடியின் தலைப்பில் சுழலும் பூட்டுவளையம் 1955-இல்தான் சேர்ந்தது. உலக்கையின் முனையில் மாட்டும் இரும்பு வளையத்தை நாம் என்ன சொல்கிறோம்? பூண். பூட்டு பிறந்த வேரே அந்தக் கத்தியின் பூட்டுக்குப் பெயராக அமைவதால், 'பூண் தாழ்' என்பதைவிடப் பொருத்தமாக வேறொன்று கிடைக்காது. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு வளைந்து அலகடியை முட்டுவது தகட்டுத் தாழ். பிடியின் சட்டமே அவ்வாறு வளைந்தால் சட்டத் தாழ். 1998-இல் பெஞ்ச்மேடு நிறுவனம் கொண்டுவந்த, இருபுறமும் வில்கம்பி தாங்கும் அமைப்பு குறுக்குக்கம்பித் தாழ்.

இனி வாதத்துக்கு வருவோம். கரடுமுரடான வேலைக்கென்று செய்யப்படும் பெரிய மடக்குக் கத்திகளில் எந்தத் தாழ் உயர்ந்தது என்று கத்திப் பிரியர்கள் ஓயாமல் தர்க்கம் செய்கிறார்கள். (இவ்வகையைக் 'கனரக' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒவ்வாது, கனம் இங்கே அளவுகோல் அல்ல. 'கடும்பணிக் கத்தி' என்றால் போதும்.) அத்தர்க்கத்தில் இரண்டு குணங்கள் கலந்துவிடுகின்றன. எவ்வளவு விசைக்குத் தாழ் உடையும் என்பது ஒன்று. ஒவ்வொரு முறையும் முழுதாக விழுந்து, அதிர்ச்சியிலும் முறுக்கலிலும் நழுவாமல் நிற்குமா என்பது மற்றொன்று. தமிழில் இரண்டையும் 'உறுதி' என்றே எழுதிவிடுகிறோம். முன்னதை 'வலு' என்றும் பின்னதை 'வழுவாமை' என்றும் எழுதலாம். வழுவுதலுக்கு நழுவுதல், தவறுதல் என்ற இரு பொருளும் உண்டு. தாழ் நழுவுவதும் தவறுவதும் ஒரே நிகழ்ச்சிதான். 'நம்பகத்தன்மை' ஆளுக்கும் செய்திக்கும் இருக்கட்டும்.

வலு ஏன் பேசப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. அலகை இறுகப் பிடித்து, அச்சாணியிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அச்சாணியிலிருந்து 8 மி.மீ. தொலைவில் முட்டி நிற்கும் தாழ் 250 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தாங்கவேண்டும். கோல்டு ஸ்டீல் நிறுவனம் பிடியில் எடைகளைத் தொங்கவிட்டுக் காட்டியது இந்த வலுவைத்தான். ஆண்ட்ரூ டெம்கோ அந்நிறுவனத்துக்கு வடிவமைத்த தாழில், அலகடிக்கும் தாழுக்கும் இடையே ஒரு தடைமுளை நின்று சுமையின் பெரும்பகுதியை ஏற்கிறது.

வழுவாமையை இப்படித் தொங்கவிட்டு அளக்க முடியாது. தகட்டுத் தாழ் முட்டும் அலகடிச் சரிவு ஏறத்தாழ 8 பாகையில் இருக்கும். சரிவு கூடினால் அடிபட்டவுடன் தகடு வழுக்கும், குறைந்தால் சிக்கிக்கொண்டு மடக்கவே வராது. அதில் எண்ணெய் படிந்தாலும் கதை மாறும். பிடியை இறுகப் பற்றினால் சட்டத் தாழ் இன்னும் இறுகும்; முதுகுத் தாழிலோ அதே இறுக்கம் விடுவிக்கும் இடத்தை அழுத்திவிடக்கூடும் என்பதால் அங்கே ஒரு குழிவு வெட்டியிருப்பார்கள். அலகின் முதுகை மரக்கட்டையில் தட்டிப் பார்க்கும் சோதனை வழுவாமைக்கானது. யாரும் கத்தியை முதுகால் பயன்படுத்துவதில்லையே என்பார்கள். வெட்டும்போது அழுத்தம் வாய்ப்பக்கம் விழுவதால் தாழுக்கு வேலையில்லை என்பது உண்மையே. ஆனால் மரத்தில் சிக்கிய அலகை ஆட்டி இழுக்கும்போது சுமை முதுகுக்கு மாறிவிடுகிறது.

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் நான் வாங்கிய முதுகுத் தாழ்க் கத்தி என் ஆள்காட்டி விரலில் மடங்கியது அப்படித்தான். ஒட்டுக்குச்சியில் ஆப்பு சீவி முடித்து, அடுத்த கிளையில் சிக்கிய அலகை இழுத்தேன். கத்தியைப் பழித்தபடி ஒட்டுக் கட்டும் பெரியவரிடம் காட்டினேன். அவர் தாழையோ வில்லையோ சோதிக்கவில்லை. அலகடியின் பள்ளத்தை வெயிலுக்குத் திருப்பிக் காட்டினார். மாம்பால் உறைந்து கறுப்பாகப் பள்ளத்தைப் பாதிக்குமேல் அடைத்திருந்தது. பல் மேலோட்டமாகத்தான் அமர்ந்திருக்கிறது. எஃகில் ஒரு கீறல்கூட இல்லை. வலு அப்படியே இருக்க, வழுவாமை மட்டும் போயிருந்தது.

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கோணி ஊசியால் பள்ளத்தைச் சுரண்டிவிட்டு, கத்தியைக் காதருகே வைத்துத் திறந்தார். முன்பு 'தொப்' என்று மந்தமாகக் கேட்டது, இப்போது 'டக்' என்றது. "இப்பதான் தம்பி லாக்கு வுழுது" என்று நீட்டினார். பெயர் ஆங்கிலம், வினை, தாழுக்கு உரிய அதே 'விழுதல்'.