ஒரு தைரிஸ்டர் மட்டும் ஏன் திறக்கவில்லை?

மாறுமின்னழுத்தத்தைக் குறைக்க எளிய வழி, அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் முன்பகுதியை வெட்டிவிடுவது. மின்விசிறி ரெகுலேட்டரில் இதை ஒரு ட்ரையாக் (இரு திசையிலும் கடத்தும் மின்னணுச் சுவிட்ச்) செய்கிறது. பெரிய மோட்டார்களில் எதிரெதிராகக் கட்டிய இரண்டு தைரிஸ்டர்கள் செய்கின்றன. தைரிஸ்டர் ஒரு திசையில் மட்டும் கடத்தும் சுவிட்ச்: கேட் என்ற முனையில் துடிப்பு வந்தால் திறந்து மின்னோட்டத்தை விடும், மின்னோட்டம் தீர்ந்தால்தான் மூடும். எந்த இடத்தில் வெட்டு முடிகிறதோ அதுதான் தூண்டு கோணம்.

மின்சுற்றுகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலிங்க் மென்பொருளில் இதை அமைக்கப் பத்து நிமிடம் போதும். மின்மூலத்தில் 230 என்று போடாதீர்கள்; அது ஆர்எம்எஸ், அதாவது பயனுறு மதிப்பு. அங்கே கேட்பது உச்ச மதிப்பு, அதாவது 325 வோல்ட். அதிர்வெண் 60 என்றிருந்தால் மூலத்திலும் ஆர்எம்எஸ் அளவியிலும் 50 ஆக்குங்கள். அளவியை மறந்தால் எண் நிலையாக நிற்காது. அதிகபட்ச காலப்படியை, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை, 10 மைக்ரோ செகண்டாக வையுங்கள். 'ஆட்டோ' என்று விட்டால் 0.1 செகண்ட் ஓட்டத்துக்குப் படி 2 மில்லி செகண்ட் வரை போகலாம். அது 36 டிகிரி, அலை பலகோணமாகத் தெரியும்.

முதலில் வெறும் 100 ஓம் மின்தடையை இணைத்துச் சரிபாருங்கள். தூண்டு கோணம் 60 டிகிரியில் 206, 90-இல் 163, 120-இல் 102 வோல்ட் வர வேண்டும். தைரிஸ்டர் மூடியிருக்கும்போதும் ஏறக்குறைய 36 மில்லி ஆம்பியர் ஓடினால் பதற வேண்டாம். அது தைரிஸ்டர்களுக்கு இணையாக உள்ள 500 ஓம், 250 நானோ ஃபாரட் ஸ்னப்பர்கள் (பாதுகாப்புக்கான மின்தடை-மின்தேக்கி இணைகள்) இரண்டின் வழியாகக் கசிவது.

சிக்கல் தொடங்குவது மின்சுருள் சேரும்போதுதான். 50 ஓமுடன் 0.2 ஹென்றியைத் தொடரில் போட்டால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு 51.5 டிகிரி பின்தங்கும். தூண்டு கோணம் 40 டிகிரி, கேட் துடிப்பின் அகலம் 0.2 மில்லி செகண்ட் என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். நேர் அரைச் சுற்று மட்டுமே வரும். முதல் தைரிஸ்டர் 2.22 மில்லி செகண்டில் திறக்கிறது. சுருளில் சேர்ந்த ஆற்றல் தீரும்வரை, 12.9 வரை, அது மூடாது. இரண்டாவதற்கான துடிப்போ 12.22-இல் வந்து 12.42-இல் போய்விடுகிறது. முதலாவது கடத்திக்கொண்டிருக்கும்வரை இரண்டாவதன் மீது எதிர் அழுத்தம் இருப்பதால், அந்தத் துடிப்பு வீண். அடுத்த சுற்றிலும் இதே கதைதான்.

விளைவு, சுமையில் சுமார் 71 வோல்ட் நேர்மின் (டிசி) கூறு, 1.4 ஆம்பியர் நேர்மின்னோட்டம். அங்கே மின்மாற்றி இருந்தால் இரும்புக்கரு செறிவடைந்து மின்னோட்டம் எகிறும், ஃபியூஸ் போகும். திரையில் பார்க்கும்போதே இதைப் பிடித்துவிடுவது எவ்வளவோ மேல்.

தீர்வு எளிது: துடிப்பை 40-இலிருந்து 180 டிகிரி வரை நீட்டுங்கள். 20 மில்லி செகண்ட் சுற்றில் அது ஏறக்குறைய 39 சதவீத அகலம். முதலாவது மூடும் கணத்தில் இரண்டாவதன் கேட் இன்னும் உயிரோடு இருக்கும், உடனே திறக்கும். வன்பொருளில் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட் மின்னோட்டம் கொடுத்தால் கேட்டுக்குத் துடிப்பைக் கொண்டுசெல்லும் துடிப்பு மின்மாற்றி செறிவடையும், கேட்டும் சூடாகும். அதனால் நெருக்கமான சிறு துடிப்புகளின் வரிசையாக அனுப்புவார்கள்.

இப்போது ஆர்எம்எஸ் அளவி 230-ஐ ஒட்டியே நிற்கும். கோணத்தை 40-இலிருந்து 20-க்குக் குறைத்தாலும் எண் மாறாது, ஏனென்றால் முழு அலையும் ஏற்கெனவே சுமைக்குப் போகிறது. இந்தச் சுமைக்குக் கட்டுப்பாடு 51.5 டிகிரிக்கு மேலேதான் தொடங்குகிறது.