எப்பாக்சி ஒட்டிய கையைத் தின்னரால் துடைக்காதீர்கள்

எப்பாக்சி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசையை வைத்துப் பைபர் பரிசலுக்கு ஒட்டுப் போடுகிறவர், கிரானைட் பட்டறையில் பலகையின் வெடிப்பை நிரப்புகிறவர், ஓசூர்ப் பக்கம் கம்பெனித் தரைக்குப் பூச்சு அடிக்கிறவர் என யாராக இருந்தாலும், என் மேசை மேல் வைக்கும் கை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கிறது. விரலிடுக்கிலும் புறங்கையிலும் சிவந்த தடிப்பு, சிறு நீர்க்கொப்புளங்கள், மணிக்கட்டில் கிளவுஸ் முடியும் இடத்தில் ஒரு கோடு போல அரிப்பு. தருமபுரியில் தோல் மருத்துவம் பார்க்கிற நான் இவர்களிடம் முதலில் கேட்பது, "வேலை முடிஞ்சதும் கையை எதுலங்க கழுவுறீங்க?" என்றுதான். "தின்னர்லதாங்க டாக்டர், வேற எதுலயும் போவாதே" என்பார்கள். சிலர் அசிட்டோன் என்பார்கள்.

ஒகேனக்கல்லில் மூங்கில் பின்னலுக்குத் தார் பூசி ஓட்டும் பரிசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பைபரில் செய்த பரிசலும் படகும் வந்த பிறகு, அடிப்பாகம் பாறையில் உரசி வெடிப்பு விட்டால் ரெசின் என்ற இறுகும் பிசினை வாங்கி ஒட்டுகிறார்கள். கடையில் 'ரெசின்' என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்களில் ஒன்று கிடைக்கலாம். மூக்கைத் துளைக்கும் நாற்றம் உள்ளது பாலியெஸ்டர் ரெசின். அதில் கலக்கும் வினையூக்கி நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், ஆனால் அந்தத் திரவம் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அப்படித் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து, 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்பாக்சி வேறு. இரண்டு டப்பாவாக வரும், இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று, இறுகவைக்கும் திரவமான ஹார்டனரை அளந்து கலக்க வேண்டும். நாற்றம் அதிகம் இருக்காது. அதனாலேயே ஒன்றும் செய்யாது என்று எண்ணி வெறுங்கையால் தொடுகிறார்கள்.

இறுகிய எப்பாக்சியால் தோலுக்குப் பெரிய தீங்கு இல்லை. இறுகுவதற்கு முன்புதான் ஆபத்து. ரெசினில் உள்ள சிறு மூலக்கூறுகள் தோலுக்குள் புகுந்து நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அறிமுகமாகிவிடும். ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள்களும் அப்படித்தான். அவை காரத்தன்மை உள்ளவை என்பதால் நேரடியாகவே தோலைப் புண்ணாக்கும். அறிமுகம் ஆக சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்கு வருடங்கள் பிடிக்கும். "பத்து வருசமா இதே வேலைதான் செய்யறேன், ஒண்ணும் ஆவல" என்பவருக்குப் பதினோராவது வருடம் வரலாம். ஒருமுறை அலர்ஜி ஏற்பட்டுவிட்டால் அது ஆயுளுக்கும் போகாது. பிறகு ஒரு சொட்டு பட்டாலும், ஒன்றிரண்டு நாள் கழித்துக் கை தடித்துக்கொள்ளும். இந்தத் தாமதத்தால்தான் பலருக்கும் காரணம் புரிவதில்லை. திங்கட்கிழமை பட்டதற்குப் புதன்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பைக் குற்றம் சொல்வார்கள்.

நான் கேட்டுப் பார்த்தவரை, பூசும்போது பலரும் கவனமாகவே இருக்கிறார்கள். கை நனைவது வேலை முடிந்து பிரஷ்ஷையும் ரோலரையும் கழுவும்போதுதான். கலவை இறுகுவதற்குள் கழுவியாக வேண்டும் என்ற அவசரம், வெயிலுக்கு வியர்த்து ஊறிய கிளவுஸைக் கழற்றி எறிந்த கை, பக்கத்திலேயே தின்னர் வாளி. தின்னரும் அசிட்டோனும் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்துவிடும். அந்தப் பசைதான் தோலின் காவல். அது போனதும், கரைந்த ரெசின் முன்னைவிட மெல்லியதாகிக் கை முழுக்கப் பரவி, திறந்த வழியில் உள்ளே இறங்கும். ஒட்டியது போய்விட்டது என்று கண்ணுக்குத் தெரிவதில் ஒரு பங்கு, உள்ளே போனதுதான்.

கையில் பட்டால் முதலில் காய்ந்த பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே ரெசின் பட்ட துணியும் வேண்டாம். மிச்சமிருக்கும் பிசுபிசுப்பின் மேல் தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கி, இன்னொரு துணியால் துடையுங்கள். தண்ணீர் தேவைப்படாத, பசை போன்ற, கையைச் சுத்தம் செய்யும் கிரீம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். நகக்கண்ணையும் மோதிரத்தின் அடியையும் மறக்காதீர்கள். ஈரம் துடைத்ததும் கொஞ்சம் வாசலின் தடவினால் காவல் திரும்பக் கட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கையோடு திரும்பப் போய்ப் படகைத் தொடாதீர்கள், அந்த இடத்தில் ஒட்டுப் பிடிக்காது; சோப்பு போடச் சொல்வது படகுக்காகவும்தான். இதையெல்லாம் சிறுநீர் கழிக்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த இடத்து அரிப்போடு வருகிறவர்கள் உண்டு.

கையிலேயே இறுகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். பிளேடால் சுரண்ட வேண்டாம், உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். தினம் எண்ணெய் தடவி வந்தால் தோல் உரியும்போது அதுவும் சில நாளில் கழன்றுவிடும்.

கருவிகளுக்கு வருவோம். என் யோசனை, கழுவ வேண்டிய பொருளையே குறைப்பதுதான். மலிவான பிரஷ் என்றால் கழுவாமல் இறுகவிட்டுத் தூக்கிப் போடுங்கள். பிரஷ்ஷின் விலையைவிடக் கையின் விலை அதிகம். பட்டித் தகட்டை, கலவை இளக்கமாக இருக்கும்போதே காகிதத்தால் வழித்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். வினிகரின் அமிலம் ஹார்டனரின் அமீனோடு சேர்வதால் இறுகாத கலவை கழன்றுவரும். (வெடித்த கையில் வினிகர் எரியும், அது தகட்டோடு நிற்கட்டும்.) வினிகரில் போகாத ரோலர் கம்பிக்கு மட்டும் அசிட்டோன். அதையும் வாளியில் கையை விட்டு அலசாமல், மூடியுள்ள டப்பாவில் கம்பியைப் போட்டு ஆட்டி எடுங்கள். அசிட்டோன் சாதாரணக் குளிரிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும், ஆகவே பீடியும் வெல்டிங்கும் தள்ளியே இருக்கட்டும். பாலியெஸ்டர் ரெசினின் வினையூக்கி இருக்கும் பாத்திரத்தில் அசிட்டோனை ஊற்றவே கூடாது, வெடிக்கக்கூடும்.

மீந்த கலவையைச் சாக்கடையிலோ ஆற்றிலோ கொட்டாமல், இறுகவிட்டுக் கட்டியாகப் போடுங்கள். ஆழமான டப்பாவில் நிறைய விட்டால் தன் சூட்டிலேயே புகைந்துவிடும். நம் சித்திரை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அகலமான தட்டில் பரப்பிவிட்டால் சூடு ஏறாது, வேலை செய்யவும் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கிளவுஸ் என்றால் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்தது. மருத்துவமனை லேடெக்ஸும் துணிக் கிளவுஸும் எப்பாக்சிக்கு உதவாது. துணி கலவையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டிப் பிடிக்கும். மெல்லிய நைட்ரைலும் நாள் முழுக்கத் தாங்காது, ரெசின் பட்டால் மாற்றிவிட வேண்டும். கிளவுஸ் போட்ட கையை அசிட்டோனில் அலசி மறுபடி பயன்படுத்துவது நிறைய இடங்களில் நடக்கிறது. அசிட்டோன் நைட்ரைலைச் சில நிமிடத்திலேயே கடந்துவிடும். கூடவே ரெசினையும் அழைத்துப் போகும்.

கண் இமை வீங்கி வருகிறவர்கள் ஒரு தனி ரகம். கையில் ஒன்றும் இருக்காது. ஒட்டிய மறுநாளே உப்புத்தாள் போட்டிருப்பார்கள். தொட்டால் கல் போல இருந்தாலும் எப்பாக்சி முழுதாக இறுக ஒரு வாரம்வரை ஆகும். அதற்குள் எழும் தூசியில் இறுகாத ரெசின் இருக்கும். பொறுத்திருந்து, ஈரத்தோடு தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

கடைசியாக, மெடிக்கல் ஷாப் டியூப். இந்த அரிப்பைப் படை என்று நினைத்து, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த கிரீமை மாதக்கணக்கில் தடவிவிட்டு வருகிறார்கள். அரிப்பு அமுங்கும், தோல் மெலியும், ரெசின் வேலையும் தொடரும். எப்பாக்சிதான் காரணமா என்று தெரிந்துகொள்ளப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது: முதுகில் சோதனைக்கான பொருளைச் சிறு அளவில் ஒட்டி 48 மணி நேரம் வைத்து எடுத்துப் பார்ப்போம், பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது. வரும்போது இரண்டு டப்பாவின் லேபிளையும் போனில் படம் பிடித்து வாருங்கள். கலவையைப் பாட்டிலில் ஊற்றி எடுத்து வர வேண்டாம், டப்பாவில் இருப்பதை அப்படியே தோலில் வைத்துச் சோதிக்க முடியாது.