கப்சாய் சிக்னல் ஏன் படபடக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது ஈப்போ–கோலகங்சார் சாலையின் நடுவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். எதிரே வரும் வண்டிகள் போன பிறகுதான் வலப்பக்கம் தோட்டத்துச் சாலைக்குள் திரும்ப முடியும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும். அந்த அரை நிமிடம் லோரிக்காரரிடம் நமக்காகப் பேசுவது பின்பக்க வலது சிக்னல் ஒன்றுதான். போன மழைக்காலத்தில் என் வண்டியில் அது ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. எனக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம், நான் சிக்னலைச் சரிசெய்யக் கொடுத்ததுதான்.

அப்பாவின் பழைய கப்சாய் அது. எங்கள் பக்கம் சின்ன மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சொல்வோம். வலது சிக்னல் போட்டால் ‘டிக்... டிக்...’ என்று நிதானமாகக் கேட்க வேண்டிய சத்தம் ‘டிகுடிகுடிகு’ என்று படபடத்தது. ஒரு மோட்டார் கடையில் விட்டேன். “ரிலே போச்சு” என்று சொல்லிப் புதியது மாட்டிக் கொடுத்தார்கள். சத்தம் பழையபடி நிதானமாகிவிட்டது. நானும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு மாமா கேட்டார்: “ஏன் தம்பி, பின்னால வலது லைட்டு எரியவே இல்லையே, பாத்தியா?” அவர் செம்பனை மில்லில் ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

சிக்னலின் மின்பாதை சின்னதுதான். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் மின்சாரம் பியூஸ், சாவி, ரிலே, கைப்பிடிச் சுவிட்ச் என்று வரிசையாகக் கடந்து வரும். சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினோமோ அந்தப் பக்கத்தின் முன் பல்புக்கும் பின் பல்புக்கும் பிரிந்து போகும். பல்பைத் தாண்டியதும் எர்த் ஒயர், வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பிவிடும். இந்தத் திரும்பும் பாதையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். போகும் வழியில் தடை வந்தாலும் திரும்பும் வழியில் தடை வந்தாலும் பல்புக்கு ஒன்றுதான், எரியாது.

இதில் விட்டுவிட்டு எரிய வைப்பது ரிலேயின் வேலை. பழைய ரிலேக்களில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு இருக்கும். மின்சாரம் ஓடும்போது தகடு சூடாகும். ஒரு உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளைந்து தொடர்பு அறுபடும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடி தொடும். ‘டிக்’ சத்தம் அதுதான். இந்த வகையில் பலவற்றில் ஒரு பல்பு போய்விட்டால் மின்சாரம் பாதியாகி, தகடு போதுமான அளவு சூடாகாமல், மீதியுள்ள பல்பு சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

பின்னால் வந்த மின்னணு ரிலேக்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானவை. மின்சாரம் போகும் வழியில் மிகச் சிறிய மின்தடை ஒன்றை வைத்து, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று உள்ளே இருக்கும் சிப் அளந்துகொண்டே இருக்கும். கப்சாய்களில் சிக்னல் பல்பு பெரும்பாலும் 12 வோல்ட், 10 வாட். முன்னும் பின்னும் சேர்ந்தால் 20 வாட், அதாவது ஏறக்குறைய 1.7 ஆம்பியர். ஒரு பல்பு எரியாவிட்டால் அது 0.8 ஆம்பியர் அளவுக்கு இறங்கிவிடும். உடனே சிப் சிமிட்டும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். ஐ.நா. வாகன விதிகளின்படி சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். அதைத் தாண்டிப் படபடத்தால் ஓட்டுபவர் காதில் விழும், இறங்கிப் பார்ப்பார் என்ற எண்ணத்தில் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது.

ஆக, என் வண்டியின் ரிலே கெட்டுப்போகவில்லை. “ஒரு பல்பு எரியவில்லை” என்று அது கத்திக்கொண்டிருந்தது. கடையில் அதைக் கழற்றிவிட்டு, எல்.இ.டி. பல்புகளுக்காக வரும் ரிலே ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். இந்த வகை எத்தனை பல்பு எரிகிறது என்று பார்ப்பதே இல்லை. ஒன்று எரிந்தாலும் இரண்டு எரிந்தாலும் அதன் வேகம் மாறாது. வீட்டில் நாய் குரைக்கிறதே என்று திருடனை விட்டுவிட்டு நாயை மாற்றிய கதைதான்.

சரி, பின் பல்பு ஏன் எரியவில்லை? கழற்றிப் பார்த்தேன், இழை அறுந்திருக்கவில்லை. இணையத்தில் வாங்கிய மல்டிமீட்டரை எடுத்து, ஒரு முனையைப் பல்பு உட்காரும் சாக்கெட்டின் நடுத் தொடுமுனையிலும் மறுமுனையைச் சாக்கெட்டின் ஓரத்திலும் வைத்தேன். சிக்னல் விழும்போதெல்லாம் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரம் வருகிறது, பல்பும் நன்றாக இருக்கிறது, ஆனால் மாட்டினால் எரியவில்லை. எனக்குத் தலை சுற்றியது.

மாமா சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு பழைய சிக்னல் பல்பை எடுத்து வந்தார். அதில் இரண்டு ஒயர் பற்றவைத்திருந்தது. அவ்வளவுதான் அவருடைய கருவி. மீட்டரை வைத்த அதே இரண்டு இடங்களில் ஒயர்களை வைத்தார். எரியவில்லை. பிறகு ஒரு ஒயரை அங்கேயே விட்டுவிட்டு, மற்றதைச் சாக்கெட்டின் ஓரத்திலிருந்து எடுத்துப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார். பளிச்சென்று சிமிட்டியது. “எர்த்து போச்சுப்பா” என்றார்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, ஆனால் அதன் கேள்வி வேறு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை ஏறக்குறைய 1 கோடி ஓம். அளக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். வழியில் துருப்பிடித்த இணைப்பு ஒன்று 1,000 ஓம் தடையாக நின்றாலும், இவ்வளவு சின்ன மின்சாரத்துக்கு அங்கே இழப்பு ஒரு மில்லிவோல்ட்தான். அதனால் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். பல்பின் கதை வேறு. எரியும்போது அதன் இழைக்கு 14 ஓம் அளவு தடை. குளிர்ந்திருக்கும்போது டங்ஸ்டன் இழையின் தடை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். 1,000 ஓமுக்குப் பின்னால் அதை மாட்டினால் இழைக்குக் கிடைப்பது ஒரு வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. சொட்டுச் சொட்டாக வரும் குழாயை மூடி வைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் முழுசாக இருக்கும், வாளியைப் பிடித்தால்தான் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று தெரியும். மாமாவின் பல்பு அந்த வாளி.

சாக்கெட்டை வெளியே இழுத்தோம். பித்தளை வளையத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி. எர்த் ஒயர் பற்றவைத்த இடத்தில் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் பட்டதும் அதுவும் உதிர்ந்தது. முன் சிக்னலில் இப்படி இல்லை. பின்பக்கம் மட்டும் ஏன் என்று யோசித்தபோதுதான் அப்பாவின் வேலை நினைவுக்கு வந்தது. அவர் தோட்டத்தில் உரம் போட்டவர். பின் கேரியரில் உர மூட்டை போகாத நாளே கிடையாது. செம்பனைக்குப் போடும் அம்மோனியம் சல்பேட், பொட்டாஷ் இரண்டுமே உப்புகள். சிந்திய தூள் மழை நீரில் கரைந்தால் மின்சாரம் கடத்தும் கரைசலாகி, செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பொட்டாஷில் உள்ள குளோரைடு இதில் ரொம்ப மோசம். எங்கள் பக்கம் உரம் சுமந்த கப்சாய்களில் நான் பார்த்தவரை முதலில் சாவது பின் எர்த்தாகத்தான் இருக்கிறது.

ஒயரைச் சுத்தமான செம்பு தெரியும்வரை வெட்டி, உப்புத்தாளால் வளையத்தைத் தேய்த்து, புதிதாகப் பற்றவைத்து, கிரீஸ் கொஞ்சம் தடவினோம். செலவு ஒரு தே தண்ணீர், அதுவும் மாமாதான் கொடுத்தார்.

இடது, வலது இரண்டு பக்கமும் எரியாவிட்டால் சாக்கெட்டைக் கழற்ற வேண்டாம், தவறு எல்லோருக்கும் பொதுவான வழியில் இருக்கும். முதலில் ஹாரனை அடித்துப் பாருங்கள். பழைய கப்சாய்கள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை, எஞ்சின் சுற்றும்போது உண்டாகும் மின்சாரத்தில் நேரடியாக எரியும். அதனால் ஹெட்லைட் பளிச்சென்று இருப்பதை வைத்துப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. ஹாரன் முனகினால் பேட்டரி, மௌனமாக இருந்தால் பெரும்பாலும் பியூஸ். ஹாரன் நன்றாக அடித்தும் இரு பக்கமும் எரியாவிட்டால்தான் ரிலேயையும் சுவிட்சையும் சந்தேகப்பட வேண்டும். ஹோண்டா வண்டிகளில் ரிலேயிலிருந்து சுவிட்சுக்குப் போகும் ஒயர் சாம்பல் நிறம், இடது ஆரஞ்சு, வலது வெளிர் நீலம், எர்த் பச்சை. ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் சிக்னல் வந்து வந்து போனால், கழுத்துப் பகுதியில் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும்.

இன்னொன்று. என் தங்கை மகன் தன் வண்டிக்கு எல்.இ.டி. சிக்னல் மாட்டினான், ரிலேயும் மாற்றினான். வலது போட்டால் நான்கும் சேர்ந்து சிமிட்டின. ஒயர் எங்கோ ஒட்டிக்கொண்டது என்று அரை நாள் தேடினான். குற்றவாளி, வண்டியின் வேகம் காட்டும் மீட்டரில் இருந்த குட்டி பல்பு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அடையாள பல்பு உள்ள வண்டிகளில் அது இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கும், அதற்கென்று தனி எர்த் கிடையாது. வலது போடும்போது மின்சாரம் குட்டி பல்பைக் கடந்து, அணைந்திருக்கும் இடது பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகும். சாதாரண பல்புக்கு அந்தக் கால் ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, இழை சிவக்கக்கூட சிவக்காது. எல்.இ.டி.க்கோ அது தாராளம். குட்டி பல்பை, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு டயோடு வழியாக மாட்டி, அதன் மறுமுனையை எர்த்தில் கொடுத்ததும் அடங்கியது.

என் வண்டியில் பழைய ரிலேயே திரும்பி வந்துவிட்டது. நல்லவேளை, கடையில் அதைத் தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்கள். உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? பின் பல்பைக் கழற்றி வைத்துவிட்டு சிக்னலைப் போட்டுக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால், டவுனுக்குக் கிளம்பும்போதெல்லாம் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.