நமுத்துப்போகாத உருளைக்கிழங்கு

வாணலியில் கிழங்குத் துண்டு விழுந்ததும் சோவென்று நுரை பொங்குகிறது. “எண்ணெய் நன்றாகக் கொதிக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். உண்மையில் எந்த வீட்டு அடுப்பிலும் எண்ணெய் கொதிப்பதில்லை. கொதிநிலையைத் தொடும் முன்பே புகைந்து கருகிவிடும். நாம் பார்க்கும் அத்தனை குமிழியும் நீராவி. கிழங்குக்குள் இருந்த தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி, ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து, எண்ணெயை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. பொரிப்பு என்பது எண்ணெயின் சூட்டால் தண்ணீரை விரட்டுகிற வேலை. வெளிப்புறத்துத் தண்ணீர் போய்விட வேண்டும், உள்ளே இருப்பது தங்க வேண்டும். ஃபிரெஞ்சு ஃபிரைஸின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறது. கடற்காற்றில் எந்நேரமும் ஈரம்தான். பொரித்த அப்பளத்தை டப்பாவில் போட்டு மூட மறந்தால் சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் நமுத்துப்போகும். அந்த வீட்டில்தான் என் மகள், கடற்கரைச் சாலையில் வாங்கித் தின்பதைப் போன்ற ஃபிரெஞ்சு ஃபிரைஸ் வேண்டும் என்று கேட்டாள். முதல் நாள் செய்தது வெளியே கரும்பழுப்பு, உள்ளே அரைவேக்காடு. தட்டுக்கு வருவதற்குள் வதங்கிய கீரைத்தண்டுபோலத் துவண்டுவிட்டது. அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. செய்த தவறு ஒவ்வொன்றையும் துருவிப் பார்த்தபோது, எங்கோ ஓரிடத்தில் தண்ணீரின் கணக்கு பிசகியிருந்தது தெரிந்தது.

கணக்கு கிழங்கிலேயே தொடங்குகிறது. உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. புதிதாகத் தோண்டிய இளங்கிழங்கில் தண்ணீர் அதிகம், மாவு குறைவு. குழம்புக்கு அது அருமை, பொரிக்க உதவாது. முற்றிய, தோல் தடித்த, மாவு நிறைந்த கிழங்கு வேண்டும். இதற்காகவே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998-இல் ‘குஃப்ரி சிப்சோனா’ ரகங்களை வெளியிட்டது. நேரு வீதி பெரிய மார்க்கெட்டில் போய் ரகத்தின் பெயரைக் கேட்டால் பதில் கிடைக்காது. ஆனால் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, அது பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயிகளுக்குப் புதிதல்ல. விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரைத் தள்ளிவிட்டு, மூழ்குகிற நெல்லை எடுத்துக்கொள்வார்கள். கிழங்குக்கும் அதேதான். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 125 கிராம் உப்பைக் கரைத்து, கழுவிய கிழங்குகளைப் போடுங்கள். மாவு மிகுந்தது மூழ்கும். தண்ணீர் மிகுந்தது மிதக்கும். தொழிற்சாலைகளும் இதே தத்துவத்தை வைத்துத்தான் கிழங்கைத் தரம் பிரிக்கின்றன. மிதந்தவற்றை மசாலாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்த கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். முதல் நாள் எனக்குக் கறுத்ததற்கு இதுதான் காரணம். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் உருளைக்கிழங்கு தன் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கிவிடும். அந்தச் சர்க்கரை, கிழங்கில் உள்ள அமினோ அமிலங்களோடு சூட்டில் சேரும்போதுதான் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கின்றன. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் இதை விளக்கினார். அவர் பெயராலேயே இது மையார் வினை எனப்படுகிறது. தோசையின் முறுகலும், வறுத்த காபிக்கொட்டையின் மணமும் இதன் பிள்ளைகள்தாம். அளவாக இருந்தால் பொன்னிறம். சர்க்கரை மிஞ்சிவிட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே கரிந்துவிடும்.

கரிவது சுவையை மட்டும் கெடுப்பதில்லை. 1997-இல் ஸ்வீடனில் ஒரு ரயில் சுரங்கம் தோண்டும்போது, நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய பொருளிலிருந்து அக்ரிலமைடு என்ற நச்சு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, மாடுகள் நிற்க முடியாமல் விழுந்தன. பாதிக்கப்பட்ட தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தவர்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது! எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில் 2002-இல் விடை கிடைத்தது: பொரித்த, வறுத்த மாவுப் பண்டங்கள். கிழங்கில் உள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அது உண்டாகிறது. விலங்குகளுக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதி. உணவின் வழியே மனிதர்களுக்கு அப்படி ஆகிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. நான் பயந்து நடுங்கச் சொல்லவில்லை. ஆனால் குழந்தைக்குக் கொடுக்கிற தட்டில் கரும்பழுப்புத் துண்டு இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மேற்பரப்பின் சர்க்கரையும் அஸ்பராஜினும் ஓரளவு கரைந்து போய்விடும். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது உதிரி மாவு. அதுவும் போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கடலூர் முதுநகரில் இருக்கும் என் அம்மா சாம்பார் வைக்கும்போதெல்லாம் சொல்வார்: “காய் வெந்த பிறகு புளியை ஊற்று. முன்னாடியே ஊற்றினால் காய் வேகாது.” எத்தனை தலைமுறைப் பேச்சு அது! காயின் செல்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் சாந்துக்குப் பெக்டின் என்று பெயர். சூட்டில் பெக்டின் கரைந்தால் செல்கள் பிரிந்து காய் குழைகிறது. புளிப்பு இருந்தால் பெக்டின் எளிதில் கரையாது. சாம்பாரில் இது தொல்லை. ஃபிரெஞ்சு ஃபிரைஸில் இதுவே வரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே கிழங்கை விரல் பருமனில் நறுக்கி இரண்டு பாத்திரங்களில் போட்டேன். ஒன்றில் உப்புத் தண்ணீர் மட்டும். இன்னொன்றில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கூடுதல். இரண்டும் பத்து நிமிடம் கொதித்தன. உப்புத் தண்ணீரில் மட்டும் வெந்ததை ஜல்லிக்கரண்டியால் தூக்கியபோது பாதி உடைந்து கம்பிகளுக்கு இடையே வழிந்தது. வினிகரில் வெந்த துண்டுகளோ விளிம்பு மழுங்காமல், கத்தி போட்ட கோடு அப்படியே தெரிய நின்றன. கிள்ளிப் பார்த்தால் உள்ளே நன்றாக வெந்திருந்தன. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். “அதைத்தானே நான் சொன்னேன்” என்றார்.

வேகும்போது மாவுச்சத்துக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடலாம். சுமார் 60 முதல் 70 டிகிரியில் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, பசையாகின்றன. கூழ் வடகத்துக்கு மாவு கிண்டும்போது திடீரென்று கரண்டி கனக்குமே, அந்தக் கணம்தான். பசையான மாவைக் காயவைத்து எண்ணெயில் போட்டால் மொறுமொறுப்பாகிறது. வடகத்துக்கு நாம் மாடி வெயிலில் செய்வதைத்தான் ஃபிரெஞ்சு ஃபிரைஸுக்கு முதல் பொரிப்பு செய்கிறது. வெந்த துண்டுகளைத் துணியில் பரப்பி மின்விசிறிக் காற்றில் ஈரம் போக உலர்த்தி, சுமார் 160 டிகிரி எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம். நிறம் மாறத் தேவையில்லை. வெளிச்சுவரில் பசைமாவு ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது, அவ்வளவுதான் வேண்டும்.

எடுத்து ஆறவிடுங்கள். ஆறும்போது உள்ளிருக்கும் ஈரம் மெதுவாக வெளிச்சுவருக்கு வந்து சேர்கிறது, மாவும் இறுகுகிறது. ஃபிரிட்ஜில் வைத்த பழைய சோறு விறைத்துப்போவதும் இந்த இறுக்கத்தால்தான். முடிந்தால் ஓர் இரவு ஃபிரீசரில் வையுங்கள். உறையும் நீர் பனிப்படிகமாகிச் செல்சுவர்களைக் குத்திக் கிழிக்கும்; பிறகு பொரிக்கும்போது ஆவி வெளியேற ஏகப்பட்ட வழி கிடைக்கும். 1940-களில் அமெரிக்காவின் ஐடஹோவில் ஜே. ஆர். சிம்ப்லாட்டின் நிறுவனம் உறைய வைத்த ஃபிரெஞ்சு ஃபிரைஸை உருவாக்கியபோது முதல் பொரிப்பு தொழிற்சாலைக்குப் போய்விட்டது. இன்றைய கடைப் பாக்கெட்டிலும் அப்படித்தான். அதைக் கொட்டிப் பொரித்தால் யாருக்கும் நன்றாக வருவதற்குக் காரணம், பாதி வேலை முன்பே முடிந்துவிட்டது. நேரமில்லாதவர்கள் ஃபிரீசரை விட்டுவிடலாம். இரண்டாம் பொரிப்பை விடக் கூடாது.

இரண்டாம் பொரிப்புக்கு எண்ணெய் 185 டிகிரியாவது இருக்க வேண்டும். இங்கேதான் நாம் அவசரப்படுகிறோம். எண்ணெயின் வெப்பக் கொள்ளளவு தண்ணீரில் பாதிதான். அதாவது எண்ணெய் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் இறங்கியும் விடும். 180 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் எண்ணெயில் அறை வெப்பத்தில் உள்ள கால் கிலோ கிழங்கைக் கொட்டினால், கிழங்கைச் சூடாக்குவதற்கே எண்ணெய் ஏறக்குறைய 150 வரை இறங்கிவிடும். தண்ணீரை ஆவியாக்கும் செலவு தனி. வீட்டு அடுப்பு அந்த இழப்பை ஈடுகட்டுவதற்குள் கிழங்கு ஊறித் தளர்ந்துவிடும். கடைகளில் பெரிய தொட்டி நிறைய எண்ணெய் இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. நாம் ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடியாகப் போட வேண்டியதுதான். ஃபிரீசரிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் குறைவாக.

அடுப்பருகில் நின்று காதைக் கொடுங்கள். போட்டவுடன் கனத்த இரைச்சல். பெரிய பெரிய குமிழிகள். இரண்டு நிமிடத்தில் இரைச்சல் மெலிந்து, குமிழிகள் சிறுத்து, ஓசை சலசலப்பாக மாறும். வெளிச்சுவரில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தண்ணீர் இருக்கும் வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. உலர்ந்த பிறகே சூடு ஏறி மையார் வினை வேகம் பிடிக்கும். அதனால்தான் சத்தம் அடங்கிய பிறகு நிறம் சட்டென்று ஏறுகிறது. என் மகள் இப்போது வாணலியை எட்டிப் பார்க்காமலே “எடுத்துவிடலாம்” என்று கூடத்திலிருந்து சொல்கிறாள்.

எடுத்த அடுத்த அரை நிமிடம் மிக முக்கியமானது. பொரியும்போது கிழங்கு எண்ணெய் குடிப்பதாக நினைக்கிறோம். ஆனால் பொரியும்போது ஆவி வெளியே பாய்ந்துகொண்டே இருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய இடமில்லை. வெளியே எடுத்ததும் உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்குகிறது. அந்த வெற்றிடம் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி இழுக்கிறது. பெரும்பங்கு எண்ணெய் உள்ளே போவது அப்போதுதான். ஆகவே ஜல்லிக்கரண்டியில் தூக்கி, சூடு ஆறும் முன்பே நன்றாக உதறிவிட்டு, காகிதத்தில் பரப்புங்கள். உப்பையும் அப்போதே தூவினால், மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையில் அது ஒட்டிக்கொள்ளும்.

எண்ணெய் எது? எங்கள் பக்கத்தில் மல்லாட்டை எண்ணெய்தான், மற்ற ஊர்க்காரர்கள் கடலை எண்ணெய் என்பார்கள். செக்கில் ஆட்டியது மணமாக இருந்தாலும் 160 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கும்; சுத்திகரித்தது 230 வரை தாங்கும். இந்தப் பண்டத்துக்கு இரண்டாவதுதான் சரி. ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டித் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கறுத்து, கெட்டியாகி, நுரைக்கும் எண்ணெய் வேண்டாம். எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் கடைகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி இல்லை. மூக்கும் கண்ணும்தான் கருவி.

இத்தனைக்குப் பிறகும் தட்டில் இருப்பது மாறிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே மிச்சம் வைத்த ஈரம் வெளிச்சுவரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. வெளியே கடற்காற்றின் ஈரம் காத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அந்த மொறுமொறுப்புக்கு ஏழெட்டு நிமிட ஆயுள். டப்பாவில் போட்டு மூடினால் அதுவும் இல்லை. தன் ஆவியில் தானே வெந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் முதல் கைப்பிடி முடிந்ததும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் அடுத்ததைப் போடுகிறேன், மகள் அடுப்படி வாசலில் நின்று ஊதி ஊதித் தின்கிறாள்.